யாரு துவைச்சது?

எங்கள் தெருவில் என்னைப் 'பொணம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்தில் பிணமாகக் கிடந்தேன், பேர் ஒட்டிக்கொண்டது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரெண்டு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, உட்கார ஒரு சுழல் நாற்காலி. அத்தனையும் இருந்தும் "பொணத்துகிட்டப் போய் ரெண்டு காப்பி எடுத்துட்டு வா" என்றுதான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் திடுக்கிட்டுப் போவார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவர் பக்கத்து லாண்டரிக்காரர். அவரை 'டைரக்டர்' என்போம். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக அந்தப் பேருக்கு அவரே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். லாண்டரி முன்பக்கம், வீடு பின்பக்கம். நடுவில் ஒரு திரைச்சீலைதான். வாஷிங் மெஷின் சுற்றினால் அவர்கள் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். துணியைக் கையில் வாங்கும்போதே காலர், கக்கம், பாக்கெட் மூன்றையும் ஒரே புரட்டில் பார்த்துவிடும் கை அவருடையது. பாக்கெட்டில் பேனா இருந்தால் வாடிக்கையாளர் படி இறங்குவதற்குள் குரல் கொடுத்துவிடுவார்.

படத்தின் பேர் 'மடித்த கை'. கதை பெரிய கதையெல்லாம் இல்லை. ஒரு கடிகாரக் கடைக்காரனை யாரோ குத்திவிடுகிறார்கள். அது நான். அந்த வழியாக வருகிற ஒரு அப்பாவி என்னைத் தூக்கப் பார்க்கிறான். அவனுடைய வெள்ளைக் கோட்டின் இடது கையில் என் ரத்தம் பட்டுவிடுகிறது. போலீஸ் அந்தக் கறையைத் தேடுகிறது. மிச்சப் படம் முழுக்க அவன் இடது கையில் ஒரு செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு கறையை மறைத்து மறைத்து ஓடுகிறான். அப்பாவியாக நடித்தவன் அண்ணியின் தம்பி. லாண்டரியில் இஸ்திரி போடுகிறவன். டைரக்டருக்கு மச்சான், அதனால் தெருவுக்கே மச்சான்.

நல்ல கதைதான். கெட்டுப்போனது இப்படி. முதல் நாள் ஷூட்டிங் முடிந்ததும் ரத்தக்கறை பட்ட கோட்டை டைரக்டர் கொண்டுவந்து கடையில் மாட்டினார். அன்றைக்குப் பார்த்து ஹோட்டலிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்திருந்தன. அண்ணி தொட்டிலில் நாலு மாதக் குழந்தையை ஆட்டிக்கொண்டே விரிப்புகளை அலசினார். கோட்டும் கைக்கு வந்தது. கறையைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர், சோப்புக்கட்டி, சின்ன பிரஷ். துவைத்து, காயவைத்து, தேய்த்து, காகிதத்தில் மடித்து, டேக் போட்டு வைத்துவிட்டார். சர்க்கரைப் பாகும் சாயப்பொடியும் கலந்த ரத்தம், சுவடே தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேமராவின் கட்டைவிரல் நகம் அளவு துளைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார். மச்சான் பார்த்தான். ஆனால் அன்றைக்கு டைரக்டர் இருந்த கோபத்தில் வாய் திறக்கப் பயந்து, மாமா கதையை மாற்றிவிட்டார் போல என்று நினைத்து நடித்துவிட்டான். படம் பிடித்த பழைய வீட்டை மறுவாரமே இடித்துவிட்டார்கள். திரும்ப எடுக்க வழியில்லை.

ஆகவே தியேட்டரில் ஜனங்கள் பார்த்தது என்னவென்றால், பளிச்சென்று வெளுத்த ஒரு கோட்டுக் கையை ஒருத்தன் ஒரு மணி நேரம் உயிரைப் பணயம் வைத்து மறைத்துக்கொண்டு ஓடுகிறான். காகிதம் நழுவும்போதெல்லாம் சலவைத்தூள் விளம்பரம் மாதிரி கை மின்னுகிறது. தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. நாலே நாள், படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சிரிப்பு எதற்கு என்று புரிந்த நிமிஷத்தில் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினார். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம், "நான்தாங்க துவைச்சேன்" என்றார். டைரக்டர், "சரி, விடு" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. யாராவது கேட்டால் டைரக்டர் 'கேமரா கோளாறு' என்பார். அவர் வேறு படமும் எடுக்கவில்லை. புருஷனுடைய சினிமாவைத் தன் கையாலேயே துவைத்துப் போட்டுவிட்டோம் என்று அண்ணி நினைத்துக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தொட்டிலில் கிடந்த குழந்தை வளர்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். இந்த வருஷம் மழை ஆரம்பித்த சமயம், ஒரு நாள் மத்தியானம் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் அப்போது லாண்டரியில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இதப் பாருங்க. உங்க படம்."

போனில் ஒரு பெரிய ஹால். உள்ளே முந்நூறு நானூறு இளவட்டங்கள், எல்லோரும் வெள்ளைச் சட்டை, இடது கையில் சுற்றிய செய்தித்தாள். திரையில் நம்ம மச்சான், ஒல்லியாக, மீசை அரும்பியும் அரும்பாமலும். காகிதம் நழுவுகிறது, கை மின்னுகிறது. உடனே ஹால் மொத்தமும் எழுந்து ஒரே குரலில் கத்துகிறது: "யாரு துவைச்சதூ?"

"வருஷா வருஷம் போடறாங்களாம்ப்பா. டயலாக் எல்லாம் மனப்பாடம். பொணம் மாமா கண்ணச் சிமிட்டுற இடத்துக்குக்கூட விசில் அடிக்கறாங்க."

"நான் எங்கடி கண்ணைச் சிமிட்டினேன்?"

"மூணு தடவ மாமா."

மச்சான் இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு வந்தான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். "அக்கா, பாரேன், எம் மூஞ்சிய பனியன்ல அடிச்சிருக்கானுங்க" என்று குதித்தான். அண்ணி எட்டிப் பார்த்தார். அந்தக் கத்தலைக் கேட்டார். திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டைரக்டரின் மகள் என்று தெரிந்ததும் அந்தக் கூட்டத்தார் பெண்ணிடம் கேட்டது ஒன்றுதான். இரண்டாம் பாகம் எடுப்பீர்களா? எடுத்தால் அதே ஹாலில் ஒரு காலைக் காட்சி. கேமராவை ஸ்டுடியோவில் இரவல் வாங்கித் தருகிறேன் என்றாள் பெண். டைரக்டருக்குக் காலில் நெருஞ்சி குத்தியது மாதிரி ஆகிவிட்டது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஒரே வாரத்தில் கதை எழுதி என் கடையில் கொடுத்து நாலு காப்பி எடுத்தார். காகிதம் நானே போட்டேன். பிணத்தின் பங்களிப்பு.

லாண்டரி லீவு நாளில், மூட்டைகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு கதை படித்தார். அப்பாவிக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டாம். கறை பட்ட கோட்டுக்காரன் வேறு, கறை படாத கோட்டுக்காரன் வேறு. நடுவில் ஒரு விஞ்ஞானி வருகிறான். படித்து முடித்ததும் மச்சான், "பிரமாதம் மாமா" என்றான். ரெட்டை வேஷம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி வேட்டிகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எதுக்குங்க இத்தன சுத்தி வளைக்கறீங்க? துணி லாண்டரிக்கு வந்துச்சு, ஒருத்தி துவைச்சா. அத எழுதுங்களேன்."

"அதெல்லாம் சரிப்படாது."

"ஏன் சரிப்படாது? அதானே நடந்துச்சு?"

"உன்ன நாலு பேர் முன்னாடி நிறுத்தி சிரிக்க வைக்கச் சொல்றியா?"

"ஏற்கெனவே நானூறு பேர் சிரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. யாருன்னு கேக்கறாங்க. பதில் சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"கேமரா கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கேன்ல. அது அப்படியே இருக்கட்டும்."

அண்ணி மடிப்பை நிறுத்தினார். "உங்க படத்துல ஓடறானே அவன், அவன் ஒரு தடவயாச்சும் தன் கையப் பாத்தானா? பாத்திருந்தா கறை இல்லன்னு தெரிஞ்சிருக்கும். பயந்தவன் பாக்க மாட்டான். பொத்திப் பொத்தித்தான் வைப்பான். நீங்களும் அதத்தான் பண்ணிட்டிருக்கீங்க."

டைரக்டர் முகம் சிவந்துவிட்டது. "கதை எனக்குத் தெரியும். நீ துணியப் பாரு" என்றார். சொல்லியிருக்க வேண்டாம். அண்ணி துணியைத்தான் பார்த்தார். அன்றிலிருந்து பத்து நாள் அவரிடம் துணியைப் பற்றி மட்டும்தான் பேசினார். "ஆஸ்பத்திரி மூட்டை வந்திருக்கு." "டிரையர் சத்தம் போடுது." அவ்வளவுதான். பேசாமல் இருந்தாலாவது பரவாயில்லை, இது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

ஆனால் பழைய கோட்டை எடுத்துக் கொடுத்தது அண்ணிதான். இத்தனை வருஷமும் டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்தார். மச்சானுக்கு முன்பக்கம் மூடவில்லை. "மூடலைன்னா என்ன, பின்னாடியிருந்து எடுப்போம்" என்றார் டைரக்டர். எனக்குச் சுவரில் சட்டம் போட்ட போட்டோ வேஷம். தரையிலிருந்து சுவருக்கு ஏறியதால் பதவி உயர்வுதான் என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் ஷூட்டிங்கில் பாகு காய்ச்சி, சாயம் கலந்து, இடது கையில் அதே இடத்தில் அதே அளவு கறை போட்டார்கள். பழைய படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பெண் ஸ்கேல் வைத்து அளந்து போட்டாள். நாலு காட்சி எடுத்தார்கள். சாயங்காலம் கோட்டை டைரக்டரே கொண்டுபோய், கடையில் ஓர் ஓரமாக, தனியாக, ஆணி அடித்து மாட்டினார். "இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். யார் என்று சொல்லவில்லை. அண்ணி அடுத்த மூட்டையைப் பிரித்தார்.

அந்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. மூன்று நாளாக வெயில் முகமே காட்டவில்லை. டிரையர் வேறு நின்றுபோனது. எங்கே பார்த்தாலும் ஈரத்துணி. என் கடைக்குள்ளேயே எட்டு சட்டைகள் தொங்கின. காப்பி எடுக்க வந்தவர்கள் குனிந்து குனிந்து போனார்கள். அண்ணியும் மச்சானும் பின்பக்கம் விசிறி போட்டு விரிப்புகளைக் காயவைக்க, டைரக்டர் முன்பக்கம் ஒற்றை ஆளாக நின்று துவைத்து, தேய்த்து, டேக் போட்டார். நடுநடுவே என்னைக் கூப்பிட்டு, அடுத்த காட்சியில் விஞ்ஞானி எங்கே நிற்க வேண்டும் என்று சோப்புக் கையால் காற்றில் வரைந்து காட்டுவார்.

லீவு நாள் காலை. மழை தூறலாகக் குறைந்திருந்தது. பெண் கேமராவைப் பொருத்தி வைத்துவிட்டாள். மச்சான் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு தயார். நான் சட்டத்துக்குள் முகத்தை வைத்துச் சுவரோரம் தயார். "கோட்டு எங்கப்பா?" என்றாள் பெண். ஆணியில் இல்லை. தேடு தேடு என்று தேடினோம். கடைசியில் அண்ணிதான் டெலிவரி அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். கோட்டைத் தோளில் பிடித்து உதறினார்.

இடது கை பாலாக வெளுத்திருந்தது. மடிப்பு கத்தி மாதிரி. காலரில் டேக் குத்தியிருந்தது, டைரக்டருடைய கோணல் கையெழுத்தில்.

அண்ணி டேக்கைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"யாருங்க துவைச்சது?"

டைரக்டர் கிட்டே வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். கறை இருந்த இடத்தை விரலால் தடவினார். அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்" என்றார். "செவ்வாக்கிழமை. கையில கெடச்சதையெல்லாம் எடுத்துப் போட்டுட்டிருந்தேன். கறை தெரிஞ்சுது, பச்சத்தண்ணி எடுத்தேன். அதுக்கப்புறம் என்ன பண்ணேன்னே ஞாபகம் இல்ல."

"அப்ப படத்தப் பத்தி நெனப்பே இல்லியா மாமா?" என்றான் மச்சான்.

"அன்னிக்கு முழுக்க படத்தத்தாண்டா நெனச்சுட்டே இருந்தேன். கைதான் நெனைக்கல."

சொல்லிவிட்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருஷமா, நீ எம் படத்த ஒரு பொருட்டாவே நெனைக்கலன்னு நெனச்சுட்டிருந்தேன். இல்லன்னா எப்படித் துவைப்பான்னு."

"அத அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ அழுவ."

"கேக்காததுக்கே எவ்வளவு அழுதேன் தெரியுமா உங்களுக்கு?"

டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் சுவரை விட்டு நகர்ந்தேன். பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆனால் சிரிப்புதான். அண்ணி கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முறைப்பாகத்தான் நின்றார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. "மடிப்பப் பாரு, மாப்பிள்ளைக்குப் போடற மாதிரி" என்று ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. வீடே சிரித்து ஓய்ந்தபோது மச்சானின் பவுடர் கழுத்துவரை வழிந்திருந்தது.

டைரக்டர் என் நாலு காப்பியையும் வாங்கி, பின்பக்கம் திருப்பி, மூட்டைமேலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். விஞ்ஞானி போய்விட்டான். இரட்டைப் பிறவி போய்விட்டான். மச்சான், "எனக்கு ஒத்த வேஷமே போதும் மாமா" என்று பெரிய மனசு பண்ணினான். அண்ணி டீயும் பன்னும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து டைரக்டர் எழுந்து, "கறை போடுங்க. அவதான் நடிக்கறா" என்றார்.

அண்ணி கையை உதறினார். "எனக்கு நடிக்கல்லாம் தெரியாது."

"நடிக்காத. துவை."

அந்த ஒரு காட்சியை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்தார்கள். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். அண்ணி கறையை உள்பக்கமிருந்து தண்ணீர் விட்டுத் தளர்த்தினார். சோப்புக்கட்டியைச் சுற்றுவட்டத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். பிரஷை அழுத்தாமல் ஒரே திசையில் ஓட்டினார். சிவப்பு இளஞ்சிவப்பாகி, பிறகு நுரையில் மட்டும் நின்று, பிறகு அதுவும் போனது. அலசினார், முறுக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிழிந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்தியில்லாமல் மறுபடி ஒரு தடவை தேய்த்தார். அது கதையில் இல்லாதது. பெண் கேமராவை அசைக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கறையைத் தேடி வருகிற போலீஸ்காரன் குரலை மட்டும் டைரக்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கொடுத்தார். எழுதிக் கொடுத்த பதிலை அண்ணி மறந்துவிட்டார். வாயில் வந்ததைச் சொன்னார். டைரக்டர் 'கட்' சொல்லவே வெகுநேரம் ஆயிற்று.

காலைக் காட்சி அன்றைக்கு நன்றாக வெயில் அடித்தது. ஹால் வாசலில் வெள்ளைச் சட்டைகள் தெருமுனைவரை நின்றன. மச்சானைப் பார்த்ததும் தூக்கிவிட்டார்கள். அவன் எடைக்கு ஆறு பேர் தேவைப்பட்டார்கள். என்னைக்கூட ஒருத்தன் அடையாளம் கண்டுபிடித்து, "சார், ஒரு தடவ கண்ண மூடுங்க" என்று படம் எடுத்துக்கொண்டான். அண்ணி கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். "மறுபடி சிரிச்சாங்கன்னா எழுந்து போயிருவேன் தம்பி" என்றார். டைரக்டர் அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

பழைய படத்திலிருந்து தொடங்கியது. காகிதம் நழுவியது, கை மின்னியது. நாற்காலிகள் அதிர, "யாரு துவைச்சதூ?" அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் லாண்டரி வந்தது. மூட்டைகள், நீராவி, கூரையில் மழைச் சத்தம், ஒரு பெண்ணின் கை. ஹால் மெல்ல மெல்ல அடங்கியது. யாரோ கேலியாக விசில் அடிக்கப் பார்த்தான், பக்கத்திலிருந்தவன் அவன் வாயைப் பொத்தினான். கறை கரையக் கரைய அத்தனை பேரும் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி கண்ணைத் திறந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார், திரையை அல்ல.

கோட்டை அவர் கொடியில் போடும்போது டைரக்டரின் குரல் கேட்டது. "யாரும்மா துவைச்சது?" ஹாலும் கூடவே கேட்டது, ஆனால் இந்தத் தடவை கத்தவில்லை.

திரையில் அண்ணி திரும்பினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் துவைச்சேன். கறையோட துணியத் திருப்பிக் குடுத்து எனக்குப் பழக்கமில்ல."

ஒரு விநாடி சத்தமே இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது, மறுபடியும். அடுத்த விநாடி ஹால் எழுந்தது. அப்படி ஒரு ஆர்ப்பாட்டத்தை நான் எந்தப் படத்துக்கும் பார்த்ததில்லை. படம் ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரும் உட்காரவில்லை. கடைசியில் திரையில் மச்சான் ஓடிக் களைத்து லாண்டரி வாசலில் வந்து நிற்கிறான். அண்ணி அவனிடம், "கையப் பாருப்பா" என்கிறார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் காகிதத்தைப் பிரித்துத் தன் கையைப் பார்க்கிறான். ஹாலிலும் ஒவ்வொருத்தராகத் தங்கள் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார்கள். நானூறு செய்தித்தாள் பிரிகிற சத்தம் மழை மாதிரியே இருந்தது. டைரக்டர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒளித்து என்ன பயன்?

வெளியே வந்ததும் கூட்டம் டைரக்டரைச் சுற்றிக்கொண்டது. அவர் யாரிடமும் கை கொடுக்காமல், கூட்டத்தை விலக்கி அண்ணியை முன்னால் இழுத்து நிறுத்தினார். "நான் எடுத்தவன்தான். துவைச்சது இவங்க" என்றார். உடனே வழி விட்டார்கள். வரிசை கட்டினார்கள். முதலில் நின்ற இளைஞன் பேனாவை நீட்டி, "அம்மா, எங்க சட்டையில ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றான். அவன் நீட்டிய வேகத்தில் மறு கையிலிருந்த டீ பாதி சட்டையில் கொட்டியது.

அண்ணி பேனாவை வாங்கவில்லை. சட்டை நுனியைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து அப்புறம் போடறேன். மொதல்ல இதக் கழட்டு. டீ காஞ்சா போகாது."